நுவரெலியா பனியில் மூன்று வருடம்: என் பார்பிகியூ பரலில் மாட்டிய வெப்ப சென்சர்கள்

2022-இல் காஸ் சிலிண்டருக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நின்றோமே, அந்த நாட்களில்தான் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஒரு இரும்புப் பரல் அடுப்பு வந்து சேர்ந்தது. மாமா வெட்டிக் கொடுத்தது. அடியில் கரிக்கூடை, நடுவில் கம்பித் தட்டு, மேலே மூடி. முதலில் சோறும் குழம்பும்தான் ஆக்கினோம். காஸ் திரும்பக் கிடைக்கத் தொடங்கியதும் அது இறைச்சி சுடும் பரலாக மாறியது. சிரட்டைக் கரியும், கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாறும், வாசனைக்கு ஒரு கொய்யாக் கட்டையும் போட்டு மெதுவாகப் புகையில் வேகவைத்தால் இறைச்சிக்கு வரும் ருசியே தனி.

ஆனால் எட்டு மணி நேரம் 110 பாகை செல்சியஸில் நெருப்பைப் பிடித்து வைக்க, பக்கத்திலேயே ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செய்தேன். புரோகிராம் எழுதி ஓட்டும் ஒரு இஎஸ்பி32 போர்ட், பரலின் அடியில் காற்றை ஊதும் 12 வோல்ட் ஃபேன், கரண்ட் போனாலும் ஓட ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரி. சூடு குறைந்தால் ஃபேன் வேகமாக ஊதும், கூடினால் நின்றுவிடும். இவை எல்லாம் முதல் நாள் இருந்தபடியே இன்றும் இருக்கின்றன. திரும்பத் திரும்ப மாற்றியது சென்சர்களை மட்டும்தான்.

முதலில் போட்டது டிஎஸ்18பி20 என்ற வெப்ப சென்சர். எஃகுக் குழாய்க்குள் அடைத்து, தண்ணீர் புகாது என்று விற்கிறார்களே, அதுதான். அதன் எல்லை 125 பாகை. 110-இல் வைத்தால் போதும் என்று நினைத்தேன். கரி பிடிக்கும்போது பரல் 150-ஐத் தாண்டும் என்பதை யோசிக்கவில்லை. மூன்றாவது தடவையே கேபிளின் கறுப்புப் பிளாஸ்டிக் இளகித் தட்டில் ஒட்டிக்கொண்டது. சென்சர் மேல் தப்பில்லை, அதன் இடம் அதுவல்ல. வெளிக்காற்றின் குளிரை அளக்க இன்னொன்றைப் பெட்டிக்கு வெளியே மாட்டியிருக்கிறேன், அங்கே அருமையாக வேலை செய்கிறது.

அப்புறம், இரண்டு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்துச் செய்யும் கே வகைத் தெர்மோகப்பிள் சென்சருக்கு மாறினேன், கூடவே அதைப் படித்து எண்ணாக்கும் மேக்ஸ்31855 சிப். கேபிள் நீளம் போதாமல் சாதாரணச் செப்பு வயரைச் சேர்த்து நீட்டினேன். திரை 110 என்றது, கோழியோ ஒரு மணி நேரத்தில் கருகியது. அடுத்த வாரமும் அப்படியே. அக்கா வீட்டு ஓவன் தெர்மாமீட்டரை இரவல் வாங்கித் தட்டில் வைத்துப் பார்த்தால், அது 150-க்கு மேல் காட்டுகிறது!

பிழை எங்கே என்பது வயரைத் தொட்டபோதுதான் புரிந்தது. செப்பு சேரும் முடிச்சு பரலின் சுவரை ஒட்டி இருந்தது, விரல் வைக்க முடியாத சூடு. தெர்மோகப்பிள் நேரடியாக வெப்பத்தைச் சொல்லாது. நுனிக்கும் மறுமுனைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான், பாகைக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் வீதம், மின்னழுத்தமாகத் தரும். சிப் தன் சொந்த வெப்பநிலையை அதோடு கூட்டிக் கணக்கை முடிக்கும். செப்பு தொடங்கும் இடத்திலேயே அந்த 'மறுமுனை' வந்துவிடுகிறது. என் முடிச்சு 60 பாகையில் இருந்தது, சிப்போ நுவரெலியாக் குளிரில் 17-இல். நடுவிலிருந்த 40 சொச்சம் பாகை கணக்கிலேயே வரவில்லை. குளிர் பிரதேசத்தில் இந்தத் தவறு இன்னும் பெரிதாகத் தெரியும். நீட்டத்தான் வேண்டும் என்றால் கே வகைக்கென்றே வரும் நீட்டிப்பு வயரால் நீட்டுங்கள். நான் இரண்டு மீட்டர் கேபிளோடு வரும் சென்சரையே வாங்கிவிட்டேன்.

அதுவும் மாட்டிய அன்று வேலை செய்யவில்லை. நுனி தன் உலோக உறையோடு உள்ளே ஒட்டிய வகை அது. உறை பரலைத் தொட, பரல் பேட்டரியின் கிரவுண்டைத் தொட, சிப் ஷார்ட் என்று அறிவித்து நின்றுவிட்டது. நுனி உறையைத் தொடாத வகை கிடைத்தபின் அந்தத் தொல்லை போனது. ஃபேன் ஓடும்போதெல்லாம் எண் துள்ளியதும், தெர்மோகப்பிள் சிப்பில் சேரும் இரண்டு முனைகளுக்கும் நடுவில் 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்ததும் அடங்கியது. வயர் நிறங்களை நம்ப வேண்டாம், நாட்டுக்கு நாடு மாறும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் ஒட்டுகிற கம்பிதான் நெகட்டிவ்.

இறைச்சிக்குள் குத்துவதற்கு 100 கிலோஓம் தெர்மிஸ்டர், அதாவது சூடு கூடக் கூடத் தடை குறையும் சென்சர். 100 பாகைக்குப் பக்கத்தில் அதன் தடை 7 கிலோஓம் அளவுக்கு இறங்கும் என்பதால், கூட 10 கிலோஓம் தடை போட்டால் நமக்கு வேண்டிய இடத்தில் நல்ல துல்லியம் கிடைக்கும். இஎஸ்பி32-இன் சொந்த அனலாக் உள்ளீடு நேர்கோட்டில் அளக்காது. மின்னழுத்தத்தைத் துல்லியமாக எண்ணாக்கும் ஏடிஎஸ்1115 சிப்பைத் தனியாக வைத்தது நல்ல முடிவு.

இந்தத் தெர்மிஸ்டருக்கு எமன் எங்கள் ஊர் ஈரம்தான். ஒரு ஜூன் மாதம், அக்கா குடும்பம் ஹட்டனிலிருந்து வருகிறது என்று இரண்டு கிலோ பன்றித் தோள்பட்டையை இரவோடு இரவாக வைத்தேன். மழையும் பனிமூட்டமும். இரவு இரண்டு மணிக்குப் பார்த்தால் இறைச்சி 78. கொஞ்ச நேரத்தில் 86, பிறகு 97, பிறகு 110! இறைச்சி வெந்துவிட்டது என்று பெட்டி ஃபேனை நிறுத்திவிட்டது, நெருப்பும் அணைந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்து தொட்டால் இறைச்சி இன்னும் கட்டியாகவே இருக்கிறது.

அப்பா தேயிலை ஸ்டோரில் டிரையரோடு பல வருடம் நின்றவர். டோர்ச் அடித்து அந்தச் சென்சரைப் பார்த்தார். எஃகுப் பின்னல் கேபிள் குழாய்க்குள் நுழையும் இடத்தில், நசுக்கி மூடிய விளிம்பில், ஒரே ஒரு துளி தண்ணீர் நின்றது. "உள்ள நனைஞ்சிருக்குப்பா. அடுப்பு மேட்டுல வச்சுக் காய விடு" என்றார். காலையில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். 18 பாகை அறையில் 137 கிலோஓம் அளவில் இருக்க வேண்டியது 20-தான் காட்டியது. ஈரம் பக்கத்தில் இன்னொரு பாதையைத் திறந்தால் தடை குறையும், தடை குறைந்தால் சூடு கூடியதாகப் பெட்டி நினைக்கும். நாலு மணி நேரம் அடுப்பு மேட்டில் கிடந்தபின் 135-க்கு வந்தது.

அன்றிலிருந்து புதுச் சென்சர் வந்தால் அந்த விளிம்பில் சூடு தாங்கும் சிலிக்கோனைப் பூசிய பிறகுதான் பாவிக்கிறேன். கழுவும்போது நுனியை மட்டும் துடைப்பேன். வெளியே கேபிளைத் தாழத் தொங்கவிட்டு வளைத்துப் பெட்டிக்கு ஏற்றியிருப்பதால், வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். புரோகிராமிலும் ஒரு வரி சேர்த்தேன்: இறைச்சி 100-ஐத் தாண்டினால் சென்சர் பழுது, ஃபேன் தொடர்ந்து ஓடட்டும்.

அடுத்தது, மலையில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய விஷயம். சென்சரைச் சரிபார்க்க ஐஸ் தண்ணீரில் 0, கொதிநீரில் 100 என்று எல்லோரும் சொல்வார்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும், ஹட்டனில் 96 அளவில். இது தெரியாமல் நான் முதலில் எல்லாச் சென்சர்களுக்கும் 6 பாகை கூட்டித் திருத்தி வைத்திருந்தேன். நல்ல சென்சர்களை நானே கெடுத்து வைத்திருக்கிறேன்.

இறைச்சிக்கும் அதே கணக்குத்தான். தோள்பட்டை பிய்ந்து வர உள்ளே 95 வரவேண்டும் என்று படித்துவிட்டுக் காத்திருந்தால், இங்கே எண் 91, 92-இலேயே நிற்கும். உள்ளே ஈரம் இருக்கும்வரை நம் ஊர்க் கொதிநிலையைத் தாண்டி அது ஏறாது. இப்போது 90 வந்ததும் கம்பியால் குத்திப் பார்க்கிறேன். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் எடுத்துவிடுவேன்.

பிளாட்டினத்தின் தடையை வைத்து வெப்பத்தை அளக்கும் பிடி100 வகையையும் ஆறு மாதம் பாவித்தேன். துல்லியம் நன்றாக இருந்தது. ஆனால் பாகைக்கு 0.385 ஓம்தான் மாறும், கனெக்டரில் லேசாகத் துரு பிடித்தாலும் எண் நகர்ந்துவிடும். எங்கள் ஈரத்துக்கு அது ஒத்துவரவில்லை.

இப்போது பரலுக்குத் தெர்மோகப்பிள், இறைச்சிக்குத் தெர்மிஸ்டர். தெர்மோகப்பிளை மூடியில் குத்துவதில்லை, தட்டு மட்டத்தில், இறைச்சியிலிருந்து நாலு விரல் தள்ளிக் கவ்வி வைக்கிறேன். ஒட்டி வைத்தால் குளிர்ந்த இறைச்சியைச் சுற்றியுள்ள காற்றைத்தான் அளக்கும். ஒவ்வொரு கேபிளிலும் ஒரு டேப் ஒட்டி, ஐஸிலும் கொதிநீரிலும் அது காட்டிய எண்ணைத் தேதியோடு பேனாவால் எழுதியிருக்கிறேன். இப்போது இருக்கும் தெர்மிஸ்டர் மூன்றாவது. தெர்மோகப்பிள் டேப்பில் முதல் நாள் எழுதியது 0.5, 93.75. போன மாதம் திரும்ப வைத்துப் பார்த்தேன்: 0.5, 93.5.