ஊரில் ஆளில்லாத நிலம்: குத்தகைக்கு விடலாமா, தைலமரம் நடலாமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வீடுகளில் இதே கேள்விதான். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்றது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அந்த ஒன்றிரண்டு பிள்ளைகளும் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் நாற்று நட, களை எடுக்க வீட்டாள் ஏது? பாகம் பிரித்துப் பிரித்து நிலமும் சிறுத்துவிட்டது: 2015-16 கணக்குப்படி மாநிலச் சராசரி 0.75 ஹெக்டேர்.

தைலமரத்துக்கு ஆள் வேண்டாம். நட்டுவிட்டால் நாலைந்து வருடத்தில் வெட்டு, அப்புறம் அடிக்கட்டையிலிருந்தே தழைத்துவிடும். வெளியூரில் இருப்பவருக்கு இது வசதி, மறுக்கவில்லை. ஆனால் வேர் மண் ஈரத்தை நிறைய உறிஞ்சும். திரும்ப நெல் போட நினைத்தால் கட்டை பிடுங்கும் செலவு தனி.

குத்தகையில் வருமானம் குறைவு. 1955-ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து, நிலம் கைவிட்டுப் போகுமோ என்ற பயமும் பலருக்கு உண்டு. ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். இந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழையை நம்பிய கண்மாய்ப் பாசனம். முன்பு வீட்டுக்கு ஓர் ஆள் வந்து குடிமராமத்தில், அதாவது ஊரே கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் முறையில், தண்ணீர் வரும் வரத்துக்கால் வெட்டினார்கள். பயிர் வைப்பவர் இருந்தால்தான் மடையைப் பார்க்க, சீமைக்கருவேலத்தை வெட்ட யாராவது இறங்குவார்கள். உழ டிராக்டர், அறுக்க இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கின்றன. பக்கத்து நிலங்களையும் சேர்த்துப் பிடித்தால் ஒருவரே பத்து ஏக்கர் பார்க்கலாம். நிலம் போய்விடுமோ என்ற பயம் இருந்தால் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக் கொடுங்கள்.

கண்மாயே தூர்ந்து, கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம் என்றால் மட்டும் மரம் நடுங்கள். அங்கும் தைலத்துக்குப் பதில் முந்திரியை யோசிக்கலாம்.