வீட்டு மிஷினா, சலூன் நாற்காலியா?

தலை முழுக்க ஒரே நம்பரில் ஒட்ட வெட்டிக்கொள்ளும் ஆண்கள் சலூனுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. காதோரம் குறைவாக, மேலே போகப் போக நீளமாக வேண்டும் என்பவர்கள் அதைத் தாங்களே வெட்டிக்கொள்ள முயல வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலோர் இருக்கிறோம். நமக்கு எது சரி என்பது, முடியின் எந்தப் பகுதியை யார் வெட்டுகிறார் என்பதைப் பொறுத்தது.

காசுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஒரு கட்டிங் 150 ரூபாய், நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 13 முறை, 1,950 ரூபாய். முடிவெட்டுவதற்கென்றே செய்த மிஷின் 2,500 ரூபாய் என்றால், ஒரே ஆளுக்கு 17 கட்டிங் ஆன பிறகுதான் போட்ட காசு திரும்பும். அதாவது ஒன்றேகால் வருடத்துக்கு மேல். அப்பாவுக்கும் இரண்டு பையன்களுக்கும் சேர்த்து ஒரு நடைக்கு 350 ரூபாய் ஆகும் வீட்டில் எட்டாவது சுற்றிலேயே மிச்சம் பிடிக்க ஆரம்பித்துவிடலாம். தனியாக இருப்பவர் காசுக்காக மட்டும் மிஷின் வாங்குவதில் பெரிய லாபம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சலூனில் காத்திருக்கும் நேரத்தையும், செவ்வாய்க்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவதையும் கணக்கில் சேர்த்தால் தராசு கொஞ்சம் வீட்டுப் பக்கம் சாயும்.

எந்த மிஷின்

வீட்டு முடிவெட்டு கெட்டுப்போவது பெரும்பாலும் மிஷின் வாங்கும்போதே. தாடி டிரிம்மரை வைத்துத் தலையை வெட்டப் பார்க்கிறார்கள். டிரிம்மரின் பிளேடு அகலம் குறைவு, மோட்டாரும் சிறியது. அடர்ந்த தலைமுடிக்குள் போனதும் வேகம் குறைந்து, முடியை வெட்டாமல் கவ்விப் பிடுங்கும். சார்ஜ் இறங்க இறங்க இது மோசமாகும். தலைக்கு, நாலரை சென்டிமீட்டர் அளவுக்கு அகலமான பிளேடும், பக்கவாட்டில் ஒரு லீவரும் உள்ள மிஷின்தான் வேண்டும். வயர் உள்ளதாக இருந்தால் பாதியில் நின்றுபோகுமோ என்ற பயம் இல்லை. ஆனால் ஈரக்காலோடு குளியலறையில் நின்று அதை ஓட்டக் கூடாது.

நம்பர் விஷயத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. சலூனில் ஒன்றாம் நம்பர் என்றால் 3 மில்லிமீட்டர் முடி மிஞ்சும், இரண்டு என்றால் 6, மூன்று என்றால் 10, நான்கு என்றால் 13. எட்டாம் நம்பர் 25. தாடி டிரிம்மர்கள் பலவற்றில் எழுதியிருக்கும் எண் நேரடியாக மில்லிமீட்டர் கணக்கு. சலூனில் எப்போதும் ‘மூணாம் நம்பர்’ போடுபவர் வீட்டு டிரிம்மரில் 3 வைத்து ஓட்டினால் மண்டை தெரியும் ஒன்றாம் நம்பர்தான் கிடைக்கும். வாங்கியதும் பெட்டியில் உள்ள அட்டவணையைப் பாருங்கள். அது இல்லையென்றால் பிளேடு மேல் மாட்டும் சீப்பின் பல் உயரத்தை ஸ்கேலால் அளந்துவிடுங்கள்.

லீவர் மேலே இருந்தால் ஒட்ட வெட்டும், கீழே இறக்கினால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம் கூடும். சீப்பு மாட்டியிருந்தாலும் இந்த வித்தியாசம் முடியில் தெரியும். பாதி தலை ஒரு நிலையிலும் மீதி இன்னொரு நிலையிலும் வெட்டிவிட்டு ‘ஏன் திட்டுத்திட்டாக இருக்கிறது’ என்று குழம்புவது அடிக்கடி நடப்பது.

ஒரே நம்பர்: வீட்டிலேயே முடியும்

தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்து, முடி முழுக்கக் காய்ந்த பிறகு ஆரம்பியுங்கள். எண்ணெய் வைத்த தலையில் முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டு சீப்பின் பற்களுக்குள் நுழையாது. நுழைந்தாலும் வெட்டுப்பட்ட தூளோடு சேர்ந்து பசையாக அடைத்துக்கொள்ளும். ஈர முடிக்கும் இதே கதிதான். விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்திருந்தால் கத்தரியால் முதலில் பாதியாகக் குறைத்துவிடுங்கள். மிஷினுக்குச் சுமை குறையும்.

முதல் சுற்றுக்கு நினைத்ததைவிட ஒரு நம்பர் பெரிதாகப் போடுங்கள். மூன்று வேண்டும் என்றால் நான்கில் தொடங்குங்கள். முடி வளரும் திசைக்கு எதிராகத்தான் ஓட்ட வேண்டும்: பக்கவாட்டில் கீழிருந்து மேலே, முன்பக்கம் நெற்றியிலிருந்து உச்சியை நோக்கி. உச்சிச் சுழியில் முடி வட்டமாகத் திரும்பி வளர்வதால் அங்கே ஒரே திசையில் ஓட்டினால் ஒரு குடுமி நிற்கும். நான்கு பக்கத்திலிருந்தும் ஓட்டுங்கள். இரட்டைச் சுழி உள்ளவர்கள் இரண்டிலும் அப்படியே. சீப்பின் அடிப்பாகம் மண்டையில் முழுதாகப் படிந்திருக்க வேண்டும். முன்நுனி மட்டும் பட்டாலும் பின்முனை மட்டும் பட்டாலும் நீளம் மாறும். அவசரமாக இழுத்தால் முடி சீப்புக்குள் நிமிர்வதற்குள் மிஷின் கடந்துவிடும். மெதுவாக, ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள்.

பின்பக்கத்துக்குக் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வெட்ட முயல்வது பலன் தராது. கண்ணாடி ஒரு கையைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கை காதை மடக்கவும், வெட்டிய இடத்தைத் தடவிப் பார்க்கவும் வேண்டியது. ஒரே நம்பர் வெட்டுக்குக் கண்ணைவிட விரல் நல்ல சாட்சி. இடது கையால் தடவிக்கொண்டே வந்தால் விடுபட்ட முடி நெருடும். கடைசியில் ஒரு முறை கண்ணாடியில் சரிபார்த்தால் போதும். மிஷினில் வெட்டும் சத்தம் வரும்வரை அங்கே இன்னும் முடி மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

எல்லா விபத்துகளுக்கும் தலையானது, சீப்பு கழன்று விழுவது. நடுவில் தூளைத் தட்டுவதற்காகச் சீப்பைக் கழற்றி, மாட்ட மறந்து, அப்படியே தலையில் வைத்துவிடுவது அதைவிட மோசம். ஒரு நொடியில் மொட்டைப் பட்டை விழும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 1¼ சென்டிமீட்டர் வளரும். சுற்றியுள்ள முடியும் கூடவே வளர்வதால் அந்தப் பள்ளம் தானாக நிரம்பாது. ஒன்று, மொத்தத்தையும் ஒட்ட வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு மாதம் பொறுத்து, பட்டையில் 10 மில்லிமீட்டர் வளர்ந்ததும் தலை முழுவதையும் மூன்றாம் நம்பரில் மறுபடி வெட்டிச் சமன் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை தலையில் வைப்பதற்கு முன்பும் சீப்பை விரலால் அழுத்திப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் பிரஷ்ஷால் பிளேடைச் சுத்தம் செய்து, ஓடும் நிலையில் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும்; மார்கழிக் காலையில் பிளேடு இறுகி நிற்கும். வெட்டிய முடியைச் செய்தித்தாளில் கூட்டி அள்ளிக் குப்பையில் போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

கை எட்டாத இடம்

பக்கவாட்டில் ஒன்று, அதற்கு மேல் இரண்டு, பிறகு மூன்று என்று ஏறி, எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று தெரியாமல் கரைய வேண்டும். இதுதான் ‘ஃபேடு’. நம்பர் மாற்றுவது எளிது. இரண்டு நம்பருக்கும் நடுவில் விழும் கோட்டை அழிப்பதுதான் வேலை. சலூனில் லீவரைப் பாதி இறக்கி, மிஷினை மண்டையிலிருந்து வெளிப்பக்கமாகச் சுழற்றி எடுப்பார்கள், குழிக்கரண்டியால் அள்ளுவதுபோல. அந்தச் சுழற்சி மணிக்கட்டில் வர வேண்டும். தன் பிடரிக்குப் பின்னால் கையை வளைக்கும்போது முழங்கை மேலே தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். மிஷின் மண்டைக்குள் குத்தும் கோணத்தில்தான் நிற்கும். பின்மண்டையில் எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் கோடு இன்னும் அழுத்தமாக விழும்.

கத்தரியும் சீப்பும் சேர்த்து வெட்டுவதும் இப்படித்தான். இரண்டு கை, நேராகப் பார்க்கும் ஒரு ஜோடிக் கண், இவை மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும். இன்னொருவர் வெட்டிவிட்டால் வீட்டிலும் நடக்கும். தனக்குத்தானே பின்பக்கம் வெட்ட வராது.

முன்முடியைக் கொஞ்சம் குறைப்பது மட்டும் முடியும். அதற்கும் காகிதம் வெட்டும் கத்தரி உதவாது. அதன் மழுங்கிய விளிம்பில் முடி வழுக்கி நழுவும், நுனியும் நசுங்கும். முடிவெட்டும் கத்தரி தனியாக வாங்குங்கள். ஈர முடி நீண்டு நிற்கும், காய்ந்தால் சுருங்கும். சுருட்டை முடி இன்னும் அதிகம் ஏறும். ஈரத்தில் வெட்டும்போது நினைத்த அளவைவிட ஒரு சென்டிமீட்டர், சுருட்டை என்றால் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக விடுங்கள்.

சலூனில் காசுக்கு என்ன கிடைக்கிறது

மேலே சொன்ன அந்தக் கண்ணும் கையும்தான் கிடைக்கிறது. பிடரியை மாதாமாதம் பக்கத்தில் நின்று பார்க்கும் ஒரே ஆள் சலூன்காரர். புழுவெட்டு ரூபாய் அளவுக்குச் சொட்டையாவதை, மண்டையில் படர்தாமரை வருவதை, மச்சம் பெரிதாவதை நமக்கு முன்பே கவனித்துச் சொல்லும் நல்ல தொழிலாளிகள் உண்டு. ஒரே கடைக்குத் தொடர்ந்து போவதற்கு இது ஒரு வலுவான காரணம்.

ஆனால் சொல்லத் தெரிய வேண்டும். ‘மீடியமா வெட்டுங்கண்ணே’ என்றால் அவருடைய மீடியம்தான் கிடைக்கும். ‘சைடு ரெண்டாம் நம்பர், மேல கத்தரி மட்டும், ரெண்டு விரல் உயரம் விடுங்க, கிருதா காது நடு வரைக்கும், பின்னாடி ஸ்லோப்பா விடுங்க, கோடு போட வேணாம்’ என்று சொல்லிப் பாருங்கள். வேறு ஆளாக எழுந்து வருவீர்கள். வெட்டு பிடித்திருந்தால் முன், பக்கம், பின் என்று மூன்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதைக் காட்டுவது எந்த விளக்கத்தையும்விட மேல்.

சுத்தத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாதவை சில உண்டு. சவரக்கத்தியில் புது பிளேடை உங்கள் கண்முன்னே உடைத்து மாட்ட வேண்டும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடைத் தண்ணீரில் அலசுவதால் அது போகாது. படிகாரக் கல்லை எல்லோர் கன்னத்திலும் தேய்ப்பதும் அதே ஆபத்துதான். கீறல் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மண்டைப் படர்தாமரை சுத்தம் செய்யாத மிஷின், சீப்பு வழியாகப் பரவும். துண்டை வீட்டிலிருந்து கொண்டுபோவதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

சுருட்டை முடிக்காரர்களுக்குப் பிடரியில் பிளேடு போட்டால், வெட்டுப்பட்ட முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து கொப்புளம் வரும். ‘பின்னாடி பிளேடு வேணாம், மிஷின் போதும்’ என்றால் போதும். தலை மசாஜ் சுகம்தான். ஆனால் கழுத்தைப் பிடித்து ஒரே வெட்டாகத் திருப்பிச் சொடக்கு எடுப்பதை அனுமதிக்காதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் இரண்டு, கழுத்து எலும்புகளின் துளைகள் வழியாகவே ஏறுகின்றன. திடீர் முறுக்கில் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரை போகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீடா சலூனா என்று தேர்ந்தெடுக்கும் வசதி எல்லோருக்கும் இருந்ததில்லை. ஊர்க் கடையில் தலித் மக்களுக்கு முடிவெட்ட மறுத்த கிராமங்கள் தமிழ்நாட்டில் உண்டு. முடி வெட்டிக்கொள்ளவே பக்கத்து டவுனுக்குப் பஸ் ஏறியவர்கள் அவர்கள். தீண்டாமையின் பெயரால் சேவை மறுப்பது 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அந்த மறுப்பு நடக்கும் இடத்தில் வீட்டு மிஷினைத் தீர்வாகச் சொல்வது அநியாயம்.

குழந்தைகள், படுக்கையில் இருப்பவர்கள்

மிஷின் சத்தத்துக்கு அழும் குழந்தைக்கு வீடுதான் நல்லது. இரண்டு நாள் முன்பே மிஷினை ஓடவிட்டு, அதன் முதுகுப் பக்கத்தைக் குழந்தையின் கையில் வைத்து அதிர்வைப் பழக்குங்கள். நான்காம் நம்பருக்குக் கீழே போக வேண்டாம். காதை முன்பக்கமாக மடக்கிப் பிடித்து வெட்டுங்கள். பத்து நிமிடத்தில் முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு மறுநாள் மீதியைப் பாருங்கள்.

படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்குச் சலூன்காரர்களே வீட்டுக்கு வந்து வெட்டிவிடுவதுண்டு. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் என்றால் பிளேடை அறவே தவிர்த்து மிஷினோடு நிறுத்துங்கள்.

நடுவழி

சலூன் வெட்டு இரண்டு வாரத்தில் பழசாகத் தெரிவதற்குக் காரணம் மேல்முடி இல்லை. பிடரியிலும் காதோரத்திலும் முளைக்கும் அரை சென்டிமீட்டர்தான். அதை மட்டும் வீட்டில் பார்த்துக்கொண்டால் நான்கு வாரத்துக்கு ஒரு முறை போகும் சலூனை ஆறு வாரம் வரை தள்ளலாம். வருடத்துக்கு 13 நடை, 9 ஆகும். நல்ல வெட்டும் போகாது. இந்த வேலைக்கு மட்டும் தாடி டிரிம்மர் தாராளமாகப் போதும்.

பிடரிக்கு, எலாஸ்டிக் ஹேர்பேண்டு ஒன்றை அதன் கீழ்விளிம்பு முடியின் இயல்பான எல்லையில் படியும்படி மாட்டிக்கொள்ளுங்கள். சீப்பு இல்லாத டிரிம்மரால் பேண்டுக்குக் கீழே உள்ளதை மட்டும் எடுங்கள். சந்தேகம் இருந்தால் பேண்டை இறக்கித்தான் வைக்க வேண்டும், ஏற்றி வைக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் இரண்டு மில்லிமீட்டர் மேலே போனால் மூன்றாவது முறையில் கோடு அரை சென்டிமீட்டருக்கு மேல் ஏறி, கீழே முள்முள்ளாக முளைத்து நிற்கும்.

கிருதாவைக் காதை வைத்து அளக்காதீர்கள். பலருக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. இரண்டு ஆள்காட்டி விரலையும் இரு கிருதாவின் அடியில் வைத்து, கண்ணாடியை நேராகப் பாருங்கள். எந்த விரல் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும், ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டராகக் குறையுங்கள்.