நியூயோர்க்கின் சர்வதேச உயர்நிலைப் பாடசாலைகள்: திருகோணமலைப் பெற்றோருக்காக ஒரு மதிப்பீடு

குடும்ப விசாவில் அமெரிக்கா புறப்படும் நம் ஊர்ப் பெற்றோர் பலரும் என்னிடம் கேட்பது, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையை அங்கே எந்தப் பாடசாலையில் சேர்ப்பது என்பதைத்தான். சாதாரண தரப் பரீட்சை எழுதி, ஆங்கிலத்தில் ஒரு ‘சி’ சித்தியோடு விமானம் ஏறும் பிள்ளைக்கு, நியூயோர்க் நகரிலுள்ள சர்வதேச உயர்நிலைப் பாடசாலைகளை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். உவர்மலையில் வளர்ந்த என் பெறாமகன் குயின்ஸ் பகுதியில் இவ்வகைப் பாடசாலை ஒன்றில் படித்து முடித்தவன். அவனுடைய படிப்பைத் தொடக்கத்திலிருந்தே கவனித்து வந்தவள் என்பதாலும், திருகோணமலையில் நீண்ட காலம் ஆங்கிலம் கற்பித்தவள் என்பதாலும் இதை எழுதுகிறேன்.

பெயரைக் கேட்டதும் கொழும்பில் பெருந்தொகை வாங்கும் சர்வதேசப் பாடசாலைகள் நினைவுக்கு வரலாம். இவை அப்படிப்பட்டவை அல்ல. முற்றிலும் அரச பாடசாலைகள், கட்டணம் கிடையாது, மதிய உணவும் இலவசம். முதலாவது பாடசாலை 1985ஆம் ஆண்டு குயின்ஸிலுள்ள லாகார்டியா சமுதாயக் கல்லூரியில் தொடங்கியது. பின்னர் அதே முறையில் நகரின் பிற பகுதிகளிலும், கலிபோர்னியாவில் ஓக்லாந்து, சான் பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களிலும் பாடசாலைகள் எழுந்தன. நாட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகளைத் தாண்டாத, ஆங்கிலம் இன்னும் கைவராத பிள்ளைகளுக்கே இங்கு இடம்.

ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் வரும்வரை அதன் மற்றப் படிப்பை நிறுத்தி வைப்பதில்லை என்பதே இப்பாடசாலைகளின் பெரிய சிறப்பு. வழக்கமான பாடசாலைகள் பலவற்றில் புதிதாக வந்தவர்களைத் தனி ஆங்கில வகுப்புக்கு அழைத்துச் செல்வார்கள். அந்த நேரத்தில் இரசாயனமும் வரலாறும் அவர்களைக் கடந்து போய்விடும். இங்கோ இரசாயன ஆசிரியரே இரசாயனத்தையும் அதற்கு வேண்டிய ஆங்கிலத்தையும் சேர்த்துக் கற்பிக்கிறார். ஓரளவு ஆங்கிலம் தெரிந்தவரும் ஒரு சொல்லும் தெரியாதவரும் ஒரே மேசையில் இருந்து ஒரே வேலையைச் செய்கிறார்கள். தாய்மொழியில் யோசிக்கவும், குறிப்பெடுக்கவும், அதே மொழிக்காரரோடு கலந்து பேசவும் ஆசிரியர்களே ஊக்குவிக்கிறார்கள். செயப்பாட்டு வினையைப் பிழையின்றி எழுதும் பிள்ளைகள் ஒரு வாக்கியம் பேச எழுந்து நிற்கும்போது வாயடைத்துப் போவதை என் வகுப்புகளில் ஆண்டுதோறும் கண்டவள் நான். பேச வேண்டிய தேவை பாடத்துக்குள்ளேயே இருக்கும்போது அந்தக் கூச்சம் எவ்வளவு விரைவாக விலகுகிறது என்பதைப் பெறாமகனிடம்தான் கண்டேன்.

அவன் வட்ஸ்அப்பில் அனுப்பிய விஞ்ஞானத் தாள் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். வெப்ப இழப்பைப் பற்றி ஒரு பரிசோதனையை மாணவரே வடிவமைக்க வேண்டும் என்று கூறியிருந்தார்கள். கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளிலும் சூடு ஒரே அளவாக இல்லாததை நினைத்து, ஆழம் வேறுபட்ட பாத்திரங்களில் வெந்நீர் எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்று அவன் அளந்தான். தாளின் இடப்பக்கத்தில் கிணறுகளின் படம், அதைச் சுற்றித் தமிழில் குறிப்புகள், ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் ஆங்கிலச் சொற்கள். வலப்பக்கத்தில் ஸ்பானிய மொழி பேசும் கூட்டாளி வரைந்த வரைபு. தமிழ் தெரியாத ஆசிரியை அந்தத் தமிழ்க் குறிப்புகளை அழிக்கச் சொல்லவில்லை. அடுத்த வரைவில் அவற்றை ஆங்கில வாக்கியங்களாக விரித்து எழுதும்படி மட்டும் ஓரத்தில் எழுதியிருந்தார். “சின்னம்மா, எனக்கு இங்கிலீஷ் வராட்டியும் விஞ்ஞானம் தெரியும் எண்டு மிஸ்ஸுக்கு விளங்கிட்டுது,” என்று அன்றிரவு அவன் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சமல்ல.

மதிப்பீட்டு முறைதான் நம் பெற்றோருக்கு விளங்கக் கடினமானது. நியூயோர்க் மாநிலத்தில் உயர்நிலைச் சான்றிதழுக்கு வழமையாக ரீஜன்ட்ஸ் என்னும் பொதுப் பரீட்சைகளில் சித்தியடைய வேண்டும். நகரிலுள்ள சர்வதேசப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆங்கிலம் தவிர்ந்த பரீட்சைகளில் விலக்கு உண்டு. அவற்றுக்குப் பதிலாக இலக்கியத் திறனாய்வு, சமூகக் கல்வி ஆய்வுக் கட்டுரை, விஞ்ஞானப் பரிசோதனை, உயர்நிலைக் கணிதச் செயற்பாடு ஆகிய நான்கையும் எழுதி, ஆசிரியர் குழுவின் முன் நின்று விளக்க வேண்டும். பரீட்சை இல்லையென்றால் படிப்பும் இல்லை என்று என் அக்கா முதலில் கவலைப்பட்டார். ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்பத் திருத்தி, கேட்கப்படும் கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தயாராகும் உழைப்பு, மனனம் செய்து எழுதும் பரீட்சையைவிடக் கூடியது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

குறைகளும் உண்டு. ஸ்பானியமோ வங்காளமோ பேசும் பிள்ளைக்கு வகுப்பில் துணை எளிதாகக் கிடைக்கும். தமிழ்ப் பிள்ளை அநேகமாகத் தனி ஆள். தாய்மொழித் துணை என்று இம்முறை பெருமையாகச் சொல்வதில் பாதி அவனுக்குக் கிடைக்கவில்லை. நகரக் கல்வித் திணைக்களம் வழமையாக மொழிபெயர்த்து அனுப்பும் கடிதங்களில் வங்காளமும் உருதுவும் இருக்கின்றன, தமிழ் இல்லை. ஆனால் பெற்றோர் கேட்டால் தொலைபேசி வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தருவார்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டு அக்கா பல கூட்டங்களில் தலையாட்டிவிட்டு வந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான். மொழி தெரியாத மாணவர்களுக்குப் பாடசாலை தகுந்த உதவி செய்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974ஆம் ஆண்டே தீர்ப்பளித்துவிட்டது. குடிவரவு ஆவணம் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளைக்கு அரச பாடசாலையை மறுக்க முடியாது என்பது 1982ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஆகவே பெற்றோர் தாராளமாகக் கேட்கலாம்.

சாதாரண தரம் முடித்த பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் உட்கார வைப்பதும் மனக்கசப்பைத் தரும். சான்றிதழுக்கு 44 புள்ளிகள் (பாடங்களைச் சித்தியோடு முடிக்கும்போது சேரும் ‘கிரெடிட்’) சேர வேண்டும். இலங்கையில் படித்த பாடங்களுக்கும் புள்ளி பெற வழியுண்டு, ஆனால் அதைக் காட்டத் தாள்கள் வேண்டும். தரம் 9 முதல் 11 வரையிலான தேர்ச்சி அறிக்கைகளை அதிபரின் ஒப்பத்தோடும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்போடும் கொண்டு செல்லுங்கள். இதை விமானச் சீட்டு எடுக்க முன்பே செய்ய வேண்டும். அங்கே போய் இறங்கிய பிறகு திருகோணமலைப் பாடசாலை அலுவலகத்திலிருந்து ஒரு தாளைப் பெறுவது பெரும்பாடு. உயர்தரம் முடியட்டும் என்று காத்திருப்பதும் நல்லதல்ல. 21 வயது நிறையும் கல்வியாண்டின் இறுதிவரை அங்கே படிக்கலாம் என்றாலும், பதினெட்டு வயதில் தொடங்குபவருக்குக் காலம் இறுக்கமாகிவிடும்.

தடுப்பூசி அட்டையையும் மறக்க வேண்டாம். கொப்புளிப்பான் தடுப்பூசி நம் நாட்டின் தேசிய அட்டவணையில் இல்லை, நியூயோர்க்கிலோ அது கட்டாயம்; ஏற்கெனவே நோய் வந்து போனவராயின் இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தியைக் காட்டலாம். இப்பாடசாலைக்காகவே பிள்ளையை மாணவர் விசாவில் அனுப்ப முடியுமா என்று கேட்பவர்களுக்கு: அந்த விசாவில் அரச உயர்நிலைப் பாடசாலையில் 12 மாதங்களுக்கு மேல் படிக்க முடியாது, அதற்கும் முழுச் செலவைக் கட்ட வேண்டும். குடும்பமாகக் குடியேறுபவர்களுக்கே இது பயன்படும்.