கார்டினல் மீன்: ஒன்றா, ஜோடியா, கூட்டமா?

கடையில் கார்டினல் மீன் கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "கூட்டமா வாழுற மீன், அஞ்சாறு வாங்கிப் போடுங்க." இது பாதிதான் சரி. கடல்நீர்த் தொட்டிகளில் அதிகம் காணப்படுபவை பங்காய் கார்டினலும் பைஜாமா கார்டினலும். இரண்டும் சுமார் 8 செ.மீ. வளரும், பார்க்கவும் சாதுதான். ஆனால் கூட்டமாக வைப்பது என்று வந்தால் இரண்டின் குணமும் நேர் எதிர்.

முதலில் பங்காய். இந்தோனேசியாவில் சுலவேசிக்குக் கிழக்கே உள்ள பங்காய் தீவுகள்தான் இதன் சொந்த இடம். அங்கே குஞ்சுகள் கடல் முள்ளெலியின் நீண்ட முட்களுக்கு நடுவே கும்பலாகப் பதுங்கி நிற்கும். கடைத் தொட்டியிலும் சின்ன மீன்கள் அப்படித்தான் ஒட்டி ஒட்டி நிற்கும். அதைப் பார்த்துத்தான் நானும் 200 லிட்டர் தொட்டிக்கு ஐந்து வாங்கினேன். சில மாதம் எந்தச் சண்டையும் இல்லை. பருவம் வந்து இரண்டு மீன்கள் ஒரு ஜோடியாகச் சேர்ந்ததும் மற்ற மூன்றையும் விரட்டத் தொடங்கின. கடலில் என்றால் ஜோடி தனியாக ஓர் இடம் பிடித்துக்கொள்ளும், துரத்தப்பட்டது விலகிப் போய்விடும். தொட்டியில் எங்கே போகும்? துடுப்பு கிழிந்து, தீனி எடுக்காமல், மேல் மூலையில் ஒடுங்கி இரண்டு செத்தன. மூன்றாவதை நண்பர் வீட்டுத் தொட்டிக்கு மாற்றிக் காப்பாற்றினேன். செத்த இரண்டையும் நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அதனால் பங்காய்க்கு என் வரிசை: முதலில் ஜோடி, அடுத்து ஒற்றை, கூட்டம் வேண்டவே வேண்டாம். ஒற்றை மீன் நன்றாகவே வாழும், துணை இல்லை என்று வாடாது. சின்னத் தொட்டிக்கு அதுவே போதும். ஆனால் ஜோடியின் அழகு வேறு. பெண் இடும் முட்டைகளை ஆண் வாயில் வாங்கிக்கொள்ளும். பொரிய ஏறக்குறைய 20 நாள், பொரிந்த பிறகும் இன்னும் பத்து நாள்போலக் குஞ்சுகள் வாய்க்குள்ளேயே இருக்கும். அதுவரை அப்பா பட்டினி. வெளியே வரும் குஞ்சு அச்சு அசல் பெரிய மீன்போலவே இருக்கும், புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய இறால் வகையை உடனே தின்னும். கடல்மீன்களில் வீட்டிலேயே வளர்த்தெடுக்கக் கூடியவை குறைவு, இது அதில் ஒன்று.

ஜோடி அமைப்பதுதான் சிரமம். ஆண் பெண் பார்த்துச் சொல்வது கடினம். சில குஞ்சுகளை வளர்த்து, தானாகச் சேரும் ஜோடியை வைத்துக்கொண்டு மற்றதை அன்றே பிரித்துவிட வேண்டும். மாற்றுத் தொட்டி இல்லாதவர் இதில் இறங்கக் கூடாது. இன்னொன்று, குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து பரவாததால் ஓரிடத்தில் பிடித்துத் தீர்த்தால் அங்கே மீண்டும் பெருகுவது கடினம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் 2007-இலேயே இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்துவிட்டது. ஆகவே தொட்டியில் பிறந்ததையே கேட்டு வாங்குங்கள்.

பைஜாமாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. மஞ்சள் முகம், சிவந்த கண், நடுவில் கருப்புப் பட்டை, பின்னால் புள்ளிகள். பகலெல்லாம் கிளைப் பவளத்துக்குள் கும்பலாக அசையாமல் நிற்கும். தனியாக விட்டால் பாறைக்குப் பின்னாலேயே கிடக்கும், இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். ஐந்து சேர்ந்தால்தான் தைரியமாக முன்னால் வந்து நிற்கும். யார் பெரியவர் என்று லேசான உரசல் இருக்கும், அவ்வளவுதான். என் கணக்கில் ஐந்துக்கு 250 லிட்டர் வேண்டும், எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவது நல்லது.

தீனி விஷயத்திலும் இரண்டும் வேறுதான். பங்காய் பகலிலேயே இரை எடுக்கும். பைஜாமாவின் பெரிய கண்ணே சொல்லும், அது இரவில் இரை தேடுவது. அதற்குப் பகலில் போட்டால் டாம்சல் மாதிரி வேகமான மீன்கள் முந்திக்கொள்ளும். விளக்கை மங்கலாக்கிவிட்டு, அப்புறம் உறைந்த மைசிஸை (இறால் போன்ற சின்ன உயிரி) கரைத்துப் போடுங்கள். கிளைகளுக்குள்ளிருந்து பைஜாமாக்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.