திருப்பூர் ஜாப்ஒர்க் சாயமேற்றல்: கூலிக்குத் தகுந்த வேலையா?

நம் துணியைக் கொடுத்து, கிலோ கணக்கில் கூலிக்குச் சாயமேற்றி வாங்கும் ஜாப்ஒர்க்கில் கூலி அதிகம் என்ற பனியன் தயாரிப்பாளர்களின் புலம்பல் நியாயம்தான். ஆனால் பட்டறைக்காரரைத் திட்டிப் பயனில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபிறகு, கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் செலவும் கிலோ கூலியில் ஏறிவிட்டது.

ஷேடு (நிறச் சாயல்) விஷயத்தில் பெரிதாகக் குறை இல்லை; லேப் டிப்பை, அதாவது ஆய்வகத்தில் சாயமேற்றிய சிறு மாதிரியை, பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கில் பார்த்து ஓகே செய்தால் பல்க்கும் (மொத்தத் துணியும்) பெரும்பாலும் ஒத்துவரும். சொதப்புவது காம்பேக்டிங்கில், அதாவது துணி பிறகு சுருங்காதபடி மெஷினில் முன்கூட்டியே அமுக்கிச் சுருக்கும் வேலையில். ஆர்டர் குவியும்போது மெஷினை வேகமாக ஓட்டி, துணியை இழுத்து அகலம் காட்டிவிடுவார்கள். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) குறையும், ஒரே துவைப்பில் பனியன் சுருங்கும். டெலிவரி எடுக்கும்போதே, துணி நன்றாக ஆறியபின், ரோலில் இரண்டு மூன்று இடத்தில் ஜிஎஸ்எம் கட்டரால் வெட்டி எடை போடுங்கள்: 100 சதுர செ.மீ. வட்டம் 1.80 கிராம் இருந்தால் 180 ஜிஎஸ்எம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50% வரி போட்டு ஏற்றுமதியை உலுக்கியதே, அதுபோன்ற மந்தத்தில் சின்ன லாட்டுக்கும் பேரம் படியும். பாதி நிரம்பிய மெஷினில் மட்டும் ஓட்ட விடாதீர்கள். துணிக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் மாறி ஷேடு விலகும்.