டர்போ பூஸ்ட்: திருகு வால்விடமா, ஈசியுவிடமா?

என்னிடம் இருப்பது பழைய டொயோட்டா ஸ்டார்லெட் ஜீரி டர்போ. 1331 சிசி 4ஈ-எப்ரிஈ எஞ்சின். டர்போ எஞ்சினுக்குள் கூடுதலாகத் தள்ளும் காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட். மூன்று வருடம் அதற்கு மனுவல் பூஸ்ட் கன்ட்ரோலரோடு, அதாவது கையால் திருகும் ஒரு வால்வோடு ஓடினேன். இப்போது எட்டு மாதமாக, தனியாக வாங்கிப் பூட்டிய ஈசியுதான் (எஞ்சினை நடத்தும் கணினிப் பெட்டி) பூஸ்டைப் பார்த்துக்கொள்கிறது. யாழ்ப்பாணத்தில் டர்போ கார் வைத்திருக்கும் தம்பிமார் "எது அண்ணை நல்லது?" என்று கேட்டபடி இருப்பதால் எழுதுகிறேன்.

வேஸ்ட்கேட் என்பது எக்ஸோஸ்ட் புகையை டர்போவுக்குப் போகாமல் விலக்கி விடும் கதவு; அது திறந்தால் பூஸ்ட் ஏறாது. அது திறக்க, அதைத் தள்ளும் அக்சுவேட்டருக்குக் காற்றழுத்தம் போக வேண்டும். அந்தக் காற்றை எப்படித் தடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். மனுவலில் ஒரு குண்டும் ஒரு ஸ்பிரிங்கும். திருகை இறுக்கினால் பூஸ்ட் ஏறும். எனக்கு 5,000 ரூபாய்க்குள் முடிந்தது, அரை மணி நேர வேலை. வைத்த அளவு வரும் வரைக்கும் குண்டு காற்றை விடாது என்பதால் டர்போவும் சட்டென்று எழும்பும். கிறெடி, எச்கேஎஸ் போன்ற தனி எலக்ட்ரோனிக் கன்ட்ரோலர்களில் ஒன்றைச் சுன்னாகத்து நண்பரின் காரில் இரண்டு கிழமை ஓட்டிப் பார்த்தேன். மீற்றர் முள் மனுவலைவிட ஆடாமல் நின்றது. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல இரண்டு கிழமை போதாது.

விலை, பூட்டும் சுலபம் இரண்டிலும் மனுவல்தான் முதலிடம். பிறகு ஏன் மூன்று லட்சத்துக்கு மேல் கொட்டி ஈசியுவுக்கு மாறினேன்? பெற்றோலும் வெயிலும்தான் காரணம்.

போன சித்திரை மாதம் கிளிநொச்சியில் 95 ஒக்ரேன் பெற்றோல் முடிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் 92 அடித்துக்கொண்டு மத்தியான வெயிலில் ஊர் திரும்பினேன். திருகு 0.9 பாரில் இருந்தது. ஆனையிறவு தாண்டி மூன்றாம் கியரில் மிதித்தபோது தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டு ஆட்டியதுபோல் ஒரு சத்தம். பெற்றோல் தாறுமாறாகத் தானே வெடிக்கும் நொக்கிங் அது; ஒக்ரேன் குறைந்தாலும் காற்று சூடானாலும் இலகுவில் வரும். காலை எடுப்பதற்குள் இரண்டு மூன்று செக்கன் போய்விட்டது. கராஜில் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருந்தது. அந்தத் துண்டு என் மேசை லாச்சிக்குள் இன்னும் கிடக்கிறது, நகத்தளவுதான்.

வால்வில் பிழை இல்லை, அது சொன்னதைச் செய்தது. ஆனால் எந்தப் பெற்றோல் ஓடுகிறது, உள்ளே போகும் காற்று எவ்வளவு சூடு என்று அதற்குத் தெரியாது. அதோடு நான் செய்த இன்னொரு வேலையும் இருக்கிறது. காரோடு வந்த கம்பனி ஈசியு, பூஸ்ட் கூடினால் பெற்றோலை வெட்டும். அதை ஏமாற்ற ஃபியூவல் கட் டிஃபெண்டர் போட்டிருந்தேன். அது, உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மெப் சென்சரின் வோல்ட்டேஜ் ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் பிடித்துக்கொள்ளும். கூடுதலாக வந்த காற்றை ஈசியு காணவே இல்லை, அதனால் அதற்குரிய பெற்றோலையும் கொடுக்கவில்லை. இருந்த ஒரேயொரு காவலையும் நானே கண்ணைக் கட்டி இருத்தியிருந்தேன்.

இப்போது பூஸ்ட், பெற்றோல், இக்னிஷன் மூன்றும் ஒரே பெட்டிக்குள். மூன்று வழி சொலினொயிட் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) ஒன்று செக்கனுக்கு 30 தடவை அடித்துக் காற்றைப் பங்கிடுகிறது. எத்தனை வீதம் திறக்க வேண்டும் என்பது ஆர்பிஎம்முக்கும் மிதிக்கும் அளவுக்கும் ஏற்ப அட்டவணையில் இருக்கிறது. டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச்: 95 என்றால் 0.85 பார், 92 என்றால் 0.6 பார், இக்னிஷனும் (தீப்பொறி அடிக்கும் நேரம்) கூடவே பின்னுக்குப் போகும். காற்றின் சூடு 50 பாகையைத் தாண்டினால் பூஸ்ட் தானாக இறங்கத் தொடங்கும். எஞ்சின் சூடாகும் வரைக்கும் ஸ்பிரிங் அழுத்தத்துக்கு மேல் தராது. ஏதாவது ஹோஸ் கழன்று பூஸ்ட் எகிறினால் உடனே வெட்டும். சித்திரையில் நடந்தது இனி நடந்தால் பிஸ்டன் போகும் வாய்ப்புக் குறைவு, வேகம்தான் குறையும்.

ஒன்றை மறக்கக்கூடாது. அக்சுவேட்டர் ஸ்பிரிங்கின் அழுத்தத்துக்குக் கீழே எந்த ஈசியுவாலும் பூஸ்டை இறக்க முடியாது. பாரமான ஸ்பிரிங் போட்டுவிட்டு 92க்குக் குறைத்து ஓடலாம் என்று நினைத்தால் நடக்காது.

ரியூனிங் செய்தவர் கொழும்பில் இருக்கிறார், அது ஒரு குறைதான். முதல் தடவை காரோடு போனேன். பிறகு லாப்டொப்பில் பதிவை எடுத்து அனுப்ப, திருத்திய அட்டவணையை அவர் அனுப்புவார். பூஸ்டை ஈசியு தானாகத் திருத்தும் வசதியைக் கூட்டி வைத்தபோது முள் ஊஞ்சல்போல் ஆடியது. அடிப்படை அட்டவணையைச் சரியாக்கி, திருத்தத்தை மிகக் குறைவாக வைத்ததும் நின்றுவிட்டது. இதெல்லாம் உள்ளேயே வேஸ்ட்கேட் உள்ள சின்ன டர்போவில் கண்டவை. வெளி வேஸ்ட்கேட் போட்ட பெரிய டர்போவில் என் கை பட்டதில்லை.

பராமரிப்பில் கவனம் ஹோஸில்தான். நம் ஊர்ச் சூட்டில் சாதாரண ரப்பர் ஹோஸ் இறுகி வெடிக்கும். சொலினொயிட்டை எக்ஸோஸ்டுக்குத் தள்ளிப் பூட்டி, சிலிக்கன் ஹோஸை இயன்றவரை குட்டையாக வெட்டி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டிருக்கிறேன். மாதம் ஒருதரம் கையால் இழுத்துப் பார்ப்பேன்.

கையில் இப்போதைக்குக் காசு இல்லை, மனுவல்தான் என்றால் சரி. கம்பனி ஈசியு பெற்றோலை வெட்டும் அளவுக்குக் கீழேயே திருகை நிறுத்துங்கள். டிஃபெண்டர் இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். 92 அடித்த நாளில் திருகை முழுதாகத் தளர்த்திவிட்டு ஓடுங்கள்.