அப்டேட்டுக்குக் கொடுத்த மாட்யூல் இரைச்சலோடு வந்தது: பழி ஃபர்ம்வேர் மேல், கோளாறு போர்டில்

மாடுலர் சிந்தசைசர் (தனித்தனி மாட்யூல்களைக் கேபிளால் இணைத்து ஒலி உண்டாக்கும் மின்னணு இசைக்கருவி) வைத்திருப்பவர்கள் யாராவது ஃபர்ம்வேர் (மாட்யூலுக்குள் ஓடும் சாஃப்ட்வேர்) அப்டேட்டுக்கோ காலிப்ரேஷனுக்கோ (அளவு சரிபார்த்துத் திருத்துவது) மாட்யூலை வெளியே கொடுக்கப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

என்னுடைய டிஜிட்டல் ஆஸிலேட்டர் மாட்யூலை, அதாவது ஒலியை உண்டாக்கும் மாட்யூலை, ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். அதில் புது ஃபர்ம்வேர் ஏற்றுவது பெரிய வேலை இல்லை. ஒலிக்கோப்பு ஒன்றை இன்புட்டில் ஓட்டினாலே ஏறிவிடும். ஆனால் வோல்டேஜ் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) ஏறும் என்ற கணக்கில் சுருதி பிசகாமல் நிற்க வேண்டும் என்றால், அப்புறம் துல்லியமான வோல்டேஜ் கொடுத்துக் காலிப்ரேட் செய்ய வேண்டும். அதற்கான கருவி தங்களிடம் இருக்கிறது என்றார்கள். அதற்காகத்தான் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது சுருதி சரியாக இருந்தது. கூடவே ஓர் இரைச்சலும் வந்திருந்தது. எந்தக் கேபிளும் சொருகாமல் அவுட்புட்டை மட்டும் மிக்ஸரில் கொடுத்தால், காதுக்குள் கொசு பறப்பது போல மெல்லிய கீச்சு. நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் இல்லை, அதைவிட எவ்வளவோ மேலே. பக்கத்தில் இருக்கும் சீக்குவென்சரின் (சுரங்களை வரிசையாக ஓட்டும் மாட்யூல்) விளக்குகள் மாறி மாறி எரியும்போது கீச்சும் கூடவே மாறியது.

ரெக்கார்டு செய்து கடைக்கு அனுப்பினேன். "புது ஃபர்ம்வேர் போட்டா சில மாட்யூல் இப்படித்தான் சார், அது பக். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று பதில் வந்தது. இன்னொரு முறை கேட்டதற்கு, சிப் போயிருக்கலாம், போர்டையே மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்கள். ஒரே கோளாறுக்கு இரண்டு காரணம். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

ஃபர்ம்வேர்தான் காரணமா என்று கண்டுபிடிப்பது எளிது. பழைய ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்றிப் பார்த்தேன். கீச்சு அப்படியே இருந்தது. லேப்டாப்பின் யூஎஸ்பி கேபிளால் கிரவுண்ட் லூப் (இரண்டு வழியாக கிரவுண்ட் இணைந்து இரைச்சல் உண்டாவது) வருவது வழக்கம் என்பதால் அதையும் கழற்றினேன். மாற்றம் இல்லை. பிறகு மற்ற மாட்யூல்களின் பவர் கேபிளையெல்லாம் உருவிவிட்டு இதை மட்டும் ஓட்டினேன். கீச்சு பெருமளவு அடங்கியது. சாஃப்ட்வேர் பக் என்றால் பக்கத்து மாட்யூலை உருவினால் ஏன் அடங்க வேண்டும்? சத்தம் பவர் லைன் வழியாக உள்ளே வருகிறது.

மாட்யூலைத் திருப்பி, பவர் கேபிள் சொருகும் இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்கே 10 ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு இருக்க வேண்டும், +12 வோல்ட்டுக்கு ஒன்று, -12 வோல்ட்டுக்கு ஒன்று. இரண்டும் இல்லை. அவை இருந்த இடத்தில் போர்டு பழுப்பேறிக் கருகியிருந்தது. குறுக்கே இரண்டு துண்டு ஒயரை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். பற்றவைக்கும்போது தடவும் ஃப்ளக்ஸைக்கூடத் துடைக்கவில்லை, மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கிடந்தது.

என்ன நடந்திருக்கும் என்பது யூரோராக் (என் மாட்யூல் பின்பற்றும் அளவுமுறை) பவர் கேபிளைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். கேபிளின் ஓரத்தில் உள்ள சிவப்புக் கோடு -12 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். 10 பின் கேபிளில் நடுவில் உள்ள ஆறும் கிரவுண்ட். அதனால் திருப்பிச் சொருகினால் பிளஸ்ஸும் மைனஸும் அப்படியே இடம் மாறிவிடும். என் மாட்யூலில் அதற்குக் காப்பாக, கரண்டை ஒரே திசையில் விடும் டயோடுகள் உண்டு. தலைகீழ் கரண்டை அவை கிரவுண்டுக்கு இறக்கிவிட, இடையில் இருக்கும் 10 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஓர் ஆம்பியருக்கு மேல் ஓடும். பத்து வாட்டுக்கு மேல் சூடு. அந்தக் குட்டி ரெசிஸ்டர் எப்படித் தாங்கும்? சிப்பைக் காப்பாற்றிவிட்டு அது கருகியிருக்கிறது. கேபிளைத் திருப்பிச் சொருகியதை என்னிடம் சொல்லாமல் ஒயரை வைத்து மூடிவிட்டார்கள்.

அந்த ரெசிஸ்டர் சும்மா இருக்கும் பொருள் இல்லை. அடுத்துள்ள 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரோடு சேர்ந்து, சுமார் 720 ஹெர்ட்ஸுக்கு மேல் பவர் லைனில் வரும் குப்பையை வடிகட்டுவது அதுதான். ஒயர் வைத்தால் வடிகட்டி போய்விடும், அக்கம்பக்கத்து டிஜிட்டல் சத்தமெல்லாம் நேராக ஆடியோவுக்குள் வந்துவிடும்.

சில ரூபாய் விலையில் இரண்டு ரெசிஸ்டர் வாங்கி, டயோடுகளையும் சேர்த்து மாற்றினேன். கீச்சு போய்விட்டது. புது ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றினேன், சுத்தமாக ஓடுகிறது.

கை தவறுவது யாருக்கும் நடக்கும். "தப்பாச் சொருகிட்டோம், சரி பண்ணித் தர்றோம்" என்று சொல்லியிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. மறைத்ததும், தங்கள் தவறை ஃபர்ம்வேர் மேல் போட்டதும், அதற்கு மேல் போர்டு மாற்றப் பணம் கேட்டதும்தான் ஆத்திரம்.

கொடுக்கும் முன் போர்டின் இரண்டு பக்கத்தையும், குறிப்பாக பவர் கனெக்டர் பக்கத்தை, தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். வாங்கும்போது கடையிலேயே திருப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். மாட்யூல் வாங்கிய புதிதில் எடுத்த படம் என்னிடம் இருந்ததால்தான் ரெசிஸ்டர் இருந்ததை அவர்களிடம் காட்ட முடிந்தது. காட்டிய பிறகு அவர்கள் சொன்னது: "நீங்களே சால்டர் பண்ணிட்டீங்க, இனி வாரண்டி இல்ல சார்." சர்வீஸுக்குக் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை.